30 மணி நேரமும் ஒரு படிவமும்

இந்தியாவில் ஒரு மருத்துவர் ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வியில் கலந்துகொள்ள வேண்டும். 2002-ல் அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சில் கொண்டுவந்த தொழில் நடத்தை விதிகளில் இது இருக்கிறது. கணக்குப் போட்டால் வருடத்துக்கு 6 மணி நேரம், மாதத்துக்கு அரை மணி நேரம். செவிலியர்களுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் அளவு இதைவிடப் பெரியது. பதிவைப் புதுப்பிக்க ஐந்து வருடத்தில் 150 மணி நேரம்.

கொஞ்ச நாளாக இந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வியைத் துரத்திக்கொண்டிருக்கிறேன். மருத்துவத்தில் ஒரு பழக்கம் தவறு என்று முடிவாகிவிட்டது. நீதிமன்றம் சொல்லிவிட்டது, அரசும் சொல்லிவிட்டது. சரி, அந்தச் செய்தி ஏற்கெனவே படிப்பை முடித்துவிட்டு வேலையில் இருக்கிற டாக்டருக்கும் நர்ஸுக்கும் எந்த வழியாகப் போய்ச் சேருகிறது? 2012-ல் 24 வயதில் எம்.பி.பி.எஸ். முடித்த ஒருவர் 60 வயது வரை வேலை செய்தால் 2048 வரை நோயாளிகளைப் பார்ப்பார். கல்லூரிப் பாடத்தை இன்றைக்கு மாற்றினால் அது இன்றைய மாணவருக்குத்தான் போகும். அவருக்குப் போகாது. அவருக்கும் நமக்கும் நடுவே இருக்கிற ஒரே பாலம் இந்த 30 மணி நேரம்தான்.

இனப்பெருக்க நலம், பாலியல் நலம் என்ற பகுதியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கடந்த 12, 13 வருடங்களில் சட்டமும் நெறிமுறையும் இந்தப் பகுதியில் மளமளவென்று மாறியிருக்கின்றன. அதோடு இங்கே பழைய பாடத்தின் விலையைக் கொடுப்பவர் டாக்டர் இல்லை, எதிரே படுத்திருக்கும் பெண். நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். தீர்ப்புகள், அரசு நெறிமுறைகள், பாடத்திட்டங்கள், ஆய்வுத் தொகுப்புகள் என்று பொதுவில் கிடைப்பதை வைத்துத்தான் பேசுகிறேன்.

ஒரு சோதனை, பல தேதிகள்

இரு விரல் சோதனை என்று ஒன்று. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பிறப்புறுப்பில் மருத்துவர் விரல்களை நுழைத்து, இறுக்கமா தளர்வா என்று பார்த்து, அவர் ‘பாலுறவுக்குப் பழக்கப்பட்டவர்’ என்றோ இல்லை என்றோ அறிக்கையில் எழுதுவது. இதற்கு அறிவியல் அடிப்படை எதுவும் கிடையாது. தசையின் தளர்வை வைத்து ஒருவர் உறவு கொண்டவரா என்று சொல்ல முடியாது. அப்படியே சொல்ல முடிந்தாலும், அவர் மீது நடந்த குற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஒரு வரி நடைமுறையில் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத்தான் பயன்பட்டது.

இப்போது தேதிகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

பாலியல் வன்முறை வழக்கில் பெண்ணின் ‘நடத்தை’யைக் காட்டி அவர் சாட்சியத்தைச் சந்தேகிக்க இடம் கொடுத்த சாட்சியச் சட்டப் பிரிவு 2002 இறுதியில் நீக்கப்பட்டது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இந்தச் சோதனை பெண்ணின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுகிறது என்றது. அதே வருடம் வந்த குற்றவியல் திருத்தச் சட்டம், சம்மதம் இருந்ததா என்ற கேள்விக்குப் பெண்ணின் முந்தைய உறவுகள் பொருட்டல்ல என்று எழுதி வைத்தது. 2014-ல் மத்திய சுகாதார அமைச்சகம் விரிவான நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. பாலியல் வன்முறையை நிறுவ இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்தச் சோதனைக்கு உடனே தடை விதியுங்கள் என்று தமிழக அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. 2022 அக்டோபர் 31-ம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடி பேசியது. அந்த வழக்கு ஜார்க்கண்டில் 2004-ல் நடந்தது. தீக்காயங்களோடு மருத்துவமனையில் கிடந்த ஒரு பெண்ணிடம் மருத்துவக் குழு இந்தச் சோதனையைச் செய்திருந்தது. சில வாரங்களில் அவர் இறந்துபோனார். இனி யார் இதைச் செய்தாலும் ஒழுங்கீனமாகக் கருதப்படும் என்றது நீதிமன்றம்.

அந்தத் தீர்ப்பில் மூன்று உத்தரவுகள் உண்டு. ஒன்று, 2014 நெறிமுறையை எல்லா அரசு, தனியார் மருத்துவமனைகளுக்கும் அனுப்புங்கள். இரண்டு, மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிலரங்குகள் நடத்துங்கள். மூன்று, கல்லூரிப் பாடத்திட்டத்தைச் சரிபாருங்கள். இரண்டாவதுதான் தொடர் கல்வி. நெறிமுறை வந்து எட்டு வருடம் கழித்து, அதை ஊழியர்களிடம் கொண்டுபோய்ச் சேருங்கள் என்று உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், அந்த எட்டு வருடமும் கற்பித்தல் என்ற பெயரில் நடந்தது எது?

2024 ஜனவரியில் இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத்திலிருந்து வந்த உத்தரவைப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் வேறு இடத்தில் இருப்பது புரிந்தது. அங்கே ஓர் அரசு மருத்துவமனையில், பாலியல் வன்முறைக்கு ஆளான சிறுமியைச் சோதிக்கப் பயன்படுத்திய படிவத்திலேயே இரு விரல் சோதனைக்கான இடம் இருந்தது. படிவத்தை வடிவமைத்தது அங்கிருந்த மருத்துவர்களேதான். நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. முதலில் அரசு கொடுத்துவிட்டு, பிறகு பொறுப்பானவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றது.

படிவம் என்பதை நாம் சாதாரணமாக நினைத்துவிடுகிறோம். ராத்திரி 2 மணிக்கு டியூட்டியில் இருக்கிற இளம் டாக்டரை நினைத்துப் பாருங்கள். வெளியே போலீஸ் நிற்கிறது. உள்ளே அழுதுகொண்டு ஒரு பெண். டாக்டரின் கையில் ஒரு தாள். அதில் இருக்கும் ஒவ்வொரு காலிக் கட்டமும் ‘என்னை நிரப்பு’ என்று கேட்கிறது. அவர் கல்லூரியில் படித்ததையோ போன மாதம் உட்கார்ந்து கேட்ட உரையையோ அந்த நேரத்தில் ஞாபகப்படுத்திக்கொள்ள மாட்டார். கட்டத்தை நிரப்புவார். எங்கள் தொழிலிலும் இதே கதைதான். ‘இந்த ஃபங்ஷனை இனி பயன்படுத்தாதீர்கள்’ என்று ஆவணத்தில் எழுதிவிட்டு, அதை நூலகத்திலேயே விட்டுவைத்தால் யாராவது கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். எடுத்துப் போட்டால்தான் நிற்கும்.

‘செய்யாதே’ என்பதற்கு ஸ்பான்சர் இல்லை

தொடர் கல்விக் கூட்டங்கள் எப்படி நடக்கின்றன என்பது துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் ஓரளவு தெரியும். ஹோட்டல் ஹால், பவர்பாயிண்ட், மதியச் சாப்பாடு, கடைசியில் சான்றிதழ். செலவில் பெரும்பகுதியை மருந்து கம்பெனியோ கருவி விற்கும் கம்பெனியோ ஏற்கும். 2024 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த மருந்து விற்பனை நெறிமுறை, கம்பெனிகள் வெளிநாட்டில் இந்த மாதிரிக் கூட்டம் நடத்தக் கூடாது, உள்நாட்டில் மருத்துவக் கல்லூரிகள், தொழில்முறைச் சங்கங்கள் போன்றவை மூலம் நடத்தலாம் என்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் எந்தத் தலைப்புக்குக் காசு வரும் என்பதை அது மாற்றப்போவதில்லை.

இந்தத் துறையில் சமீப காலத்தில் மாறியவற்றைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். இரு விரல் சோதனை செய்யாதே. எஃப்.ஐ.ஆர். இல்லை என்று சொல்லிப் பாதிக்கப்பட்டவரைத் திருப்பி அனுப்பாதே. கருக்கலைப்புக்குக் கணவர் கையெழுத்து கேட்காதே. தன்பாலின ஈர்ப்பைக் ‘குணப்படுத்த’ முயலாதே. டி அண்ட் சி செய்து கருப்பையைச் சுரண்டாதே, அதற்குப் பதிலாக உறிஞ்சு முறையையோ மாத்திரையையோ பயன்படுத்து. இதில் கடைசி ஒன்றைத் தவிர வேறு எதிலும் விற்பதற்குப் பொருளே இல்லை. அந்தக் கடைசி ஒன்றிலும் பொருள் மலிவானது.

புது மருந்தைச் சொல்லிக்கொடுக்க ஆள் வரிசையில் நிற்கும். பழைய பழக்கத்தை விடச் சொல்ல யார் பணம் கட்டுவார்கள்? மணி நேரத்தை மட்டும் எண்ணிவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சந்தைக்கு விட்டால் இந்தத் தலைப்புகள் ஓரத்துக்குத்தான் போகும். 30 மணி நேர விதியின் மீது என் முதல் விமர்சனம் இதுதான். மணி குறைவு என்பதை நான் பெரிய குறையாகச் சொல்லவில்லை. அதில் ஒரு நிமிடம்கூட ‘கடந்த ஐந்து வருடத்தில் எது தவறென்று முடிவானது’ என்பதற்காக ஒதுக்கப்படவில்லை என்பதுதான் குறை.

மாணவராக உட்கார்ந்த நீதிபதி

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. பெற்றோரின் எதிர்ப்புக்குப் பயந்து பாதுகாப்பு கேட்டு வந்த ஒரு பெண் இணையரின் வழக்கு, 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. தன்பாலின உறவு பற்றித் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று அவர் உத்தரவிலேயே எழுதினார். ஓர் உளவியலாளரிடம் தானே ஓர் அமர்வு உட்கார்ந்து கற்றுக்கொண்டு, பிறகுதான் 2021 ஜூன் 7-ம் தேதி விரிவான உத்தரவைப் பிறப்பித்தார். போலீஸ், நீதித்துறை, மருத்துவம், கல்வி என்று பல துறைகளிலும் விழிப்புணர்வுப் பயிற்சி நடத்தச் சொல்லும் உத்தரவு அது.

தொடர் கல்வி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கையில் ஒரு வழக்கு இருக்கிறது. எனக்குத் தெரியாதது என்ன என்று தெரிகிறது. தெரிந்தவரிடம் போய் உட்காருகிறேன். கற்றது அடுத்த முடிவில் தெரிகிறது. இதில் கிரெடிட் பாயிண்ட் எங்கேயும் இல்லை.

அந்த வழக்கின் தொடர்ச்சியாக மருத்துவப் பாடப்புத்தகங்களும் விசாரணைக்குள் வந்தன. 2021 அக்டோபரில் தேசிய மருத்துவ ஆணையம், பால் சிறுபான்மையினரை இழிவுபடுத்தும் பகுதிகளைத் தவிர்க்கும்படி பல்கலைக்கழகங்களுக்கும் நூலாசிரியர்களுக்கும் அறிவுறுத்தியது. 2022-ல் தடயவியல் மருத்துவப் பாடம் திருத்தப்பட்டது. ‘கன்னித்தன்மைச் சோதனை’ அறிவியலுக்குப் புறம்பானது, மனிதத்தன்மையற்றது என்றும், நீதிமன்றமே அப்படி ஒரு சோதனை கேட்டால் அதன் ஆதாரமின்மையை நீதிமன்றத்துக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று மாணவருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றும் அதில் வந்தது. அந்தக் கடைசிப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பாடம் எழுதியவர்களுக்கு ஒரு கும்பிடு. அதே வருடம், பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை தொழில் ஒழுங்கீனம் என்று ஆணையம் மாநில மருத்துவ மன்றங்களுக்கு எழுதியது.

இரண்டே வருடத்தில் என்ன நடந்தது? 2024 ஆகஸ்ட் இறுதியில் வெளியான புதிய பாடத்திட்ட வழிகாட்டியில், பெண்களுக்கிடையிலான தன்பாலின உறவு ‘இயற்கைக்கு மாறான பாலியல் குற்றங்கள்’ என்ற தலைப்பின் கீழே மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. கன்னித்தன்மையும் கன்னித்திரையின் சட்ட முக்கியத்துவமும் திரும்ப வந்திருந்தன. எதிர்ப்பு கிளம்பியது. செப்டம்பர் முதல் வாரத்திலேயே அது திரும்பப் பெறப்பட்டு, அதே மாதம் திருத்திய வடிவம் வந்தது. தன்பாலின உறவைக் குற்றமாகப் பார்த்த சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018-லேயே சுருக்கிவிட்டது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்த பிழை அடுத்த வெளியீட்டில் திரும்பி வருவதை எங்கள் தொழிலில் ‘ரெக்ரஷன்’ என்போம். இது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. யாரோ பழைய பிரதியிலிருந்து வேலையை ஆரம்பித்திருப்பார்கள். பாடத்திட்ட விஷயத்திலும் அப்படித்தான் நடந்ததா என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதைத் தடுக்க நாங்கள் செய்கிற ஒரு காரியம் இங்கே பொருந்தும். ஒருமுறை பிடித்த பிழைக்கு ஒரு நிரந்தரச் சோதனை எழுதி வைப்போம். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் அது தானாக ஓடும். பாடத்திட்டத்துக்கோ தொடர் கல்விக்கோ அப்படி ஒரு காவல் இருந்திருந்தால் இந்தப் பத்து நாள் அவமானம் நேர்ந்திருக்காது.

கேட்கக் கூடாத கையெழுத்து

கருக்கலைப்பைப் பார்ப்போம். 1971-ம் வருடச் சட்டப்படி 18 வயது நிறைந்த, மனநலம் குன்றாத பெண்ணுக்கு அவர் சம்மதம் மட்டும் போதும். கணவர் சம்மதம் வேண்டும் என்று அந்தச் சட்டம் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் கையெழுத்து போடக் கணவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லும் வழக்கம் போகவில்லை. ‘பின்னாடி பிரச்சினை வந்தா?’ என்ற பயம்தான் காரணம் என்பார்கள். பயம் புரிகிறது. ஆனால் சட்டம் கேட்காததை மருத்துவமனை கேட்கிறபோது, தள்ளிப்போகிற ஒவ்வொரு வாரமும் அந்தப் பெண்ணின் உடம்பில்தான் கணக்காகிறது. கரு வளர வளரக் கலைப்பின் ஆபத்து கூடும்.

2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. சில வகைப் பெண்களுக்கு வரம்பு 20 வாரத்திலிருந்து 24 வாரமாக உயர்ந்தது. கருத்தடை முறை தோற்றுப்போனதால் வந்த கர்ப்பத்துக்கான விளக்கத்தில் ‘கணவர்’ என்ற சொல் போய் ‘இணையர்’ என்ற பொருளில் வேறு சொல் வந்தது. 2022 செப்டம்பர் 29-ம் தேதி உச்ச நீதிமன்றம், திருமணமாகாத பெண்ணுக்கும் அந்த 24 வார வரம்பு பொருந்தும் என்றது. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை, குடும்பத்தார் சம்மதம் கேட்பது உட்பட, மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்றும் சொன்னது.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. 18 வயதுக்குக் கீழே உள்ள பெண் சம்மதத்தோடு கொண்ட உறவால் கர்ப்பமாகி வந்தால், போக்சோ சட்டப்படி மருத்துவர் போலீஸுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், தகவலில் அவள் பெயரையோ அடையாளத்தையோ மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை. தலைமையாசிரியர் முதல் மாமா சித்தப்பா வரை எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற பயத்தில் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி விழுங்கும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவரக்கூடிய ஒரு வரி இது. ஆனால் அதற்கு அந்த வரி வாசலில் இருக்கிற நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும், டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தீர்ப்பின் பக்கங்களுக்குள்ளேயே இருந்தால் யாருக்கும் பிரயோசனமில்லை.

இங்கே முரண்நகை ஒன்று இருக்கிறது. மகப்பேறு மருத்துவத்தில் பட்டமோ தேவையான அனுபவமோ இல்லாத எம்.பி.பி.எஸ். மருத்துவர் 12 வாரம் வரையான கருக்கலைப்பு செய்ய வேண்டுமென்றால், அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் 25 கருக்கலைப்புகளில் உதவியிருக்க வேண்டும், அதில் 5-ஐயாவது தானே செய்திருக்க வேண்டும் என்கிறது விதி. கை வேலைக்கு இப்படி எண்ணிக்கை வைத்த அதே அமைப்பு, யாரிடம் கையெழுத்து வாங்கலாம், யாருக்குத் தகவல் சொல்லலாம் என்ற பேச்சு வேலைக்கு எந்த எண்ணிக்கையும் வைக்கவில்லை.

மணியை எண்ணினால் என்ன கிடைக்கும்?

சரி, கூட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்தால் பழக்கம் மாறுமா? இதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. 1999-ல் டேவிஸும் சகாக்களும் ஜாமா இதழில் வெளியிட்ட தொகுப்பு, வெறும் உரை கேட்பது மருத்துவரின் நடைமுறையை மாற்றுவதில்லை, கலந்து பேசிச் செய்து பார்க்கும் அமர்வுகள் மாற்றக்கூடும் என்றது. கோக்ரேன் அமைப்பின் 2021 தொகுப்பு 215 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கல்விக் கூட்டங்களால் சரியான நடைமுறை கூடியது, நடுமதிப்பாகச் சுமார் 6.8 புள்ளி. அதாவது நூற்றுக்கு 50 பேர் சரியாகச் செய்துகொண்டிருந்த இடத்தில் 57 பேர் செய்வார்கள். இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மீதி 43 பேரிடம் போகும் பெண்களுக்கு அந்தச் சராசரியால் ஆறுதல் இல்லை.

அப்படியானால் கூட்டத்தை விட்டுவிட்டுத் தணிக்கை மட்டும் செய்யலாமா? அவரவர் வேலையை அளந்து அவரவருக்கே காட்டுவதைப் பற்றியும் கோக்ரேன் தொகுப்பு இருக்கிறது. 2012 பதிப்பில் அதன் நடுமதிப்பு 4.3 புள்ளி. அதுவும் மந்திரக்கோல் இல்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: தலைக்குள் ஏற்றுவதை மட்டும் நம்பினாலும், அளப்பதை மட்டும் நம்பினாலும் போதாது. தவறு நடக்கிற இடத்திலிருந்தே தவறுக்கான வாய்ப்பை எடுத்துவிட வேண்டும். கட்டமே இல்லாத படிவத்தில் யாரும் அதை நிரப்ப முடியாது. கணவர் கையெழுத்துக்கான கோடு இல்லாத சம்மதப் படிவத்தில் யாரும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் செய்தது எனக்கு இதனால்தான் முக்கியமாகப் படுகிறது. நீதிபதிகள் ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் அமர்வு, இரு விரல் சோதனையும் ஆண்களுக்கான பழைய பாணி ஆண்மைச் சோதனையும் நிற்க வேண்டும் என்று சொன்னதோடு விடவில்லை. அந்த வருடம் ஜனவரியிலிருந்து பதிவான பாலியல் குற்ற வழக்குகளை எடுத்து, எந்த மருத்துவ அறிக்கையிலாவது இரு விரல் சோதனை பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கும்படி காவல் துறைத் தலைவருக்கு உத்தரவிட்டது. பயிலரங்குக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, மேஜையிலிருந்து வெளியே போன தாளில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டது. சரியான கேள்வி அதுதான். ஆனால் அதை மருத்துவமனையும் மருத்துவ மன்றமும் கேட்டிருக்க வேண்டும். போலீஸைக் கொண்டு கேட்க வேண்டிய நிலை வந்தது பெருமை இல்லை.

ஒரே அறை, இரண்டு வகுப்புகள்

செவிலியர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2014 நெறிமுறைப்படி பெண் மருத்துவர் கிடைக்காமல் ஆண் மருத்துவர் சோதிக்கும்போது பெண் உதவியாளர் ஒருவர் உடனிருக்க வேண்டும். பெரும்பாலும் அது அங்கே டியூட்டியில் இருக்கும் நர்ஸ்தான். பாதிக்கப்பட்ட பெண் வாய் திறந்து பேசுவதும் பல நேரம் அவரிடம்தான். ஆனால் டாக்டருக்கு ஒரு மன்றம், நர்ஸுக்கு இன்னொரு மன்றம். ஒருவருக்கு 30 மணி, இன்னொருவருக்கு 150 மணி. ஒரே அறையில் ஒரே நோயாளியைப் பார்ப்பவர்கள், அதே விஷயத்தை இரண்டு ஹால்களில் தனித்தனியாகக் கற்றுக்கொள்கிறார்கள், கற்றுக்கொண்டால்.

டாக்டர் பழைய முறையில் சோதிக்கப் போகும்போது ‘சார், இது இப்ப கூடாதே’ என்று சொல்லும் இடம் நர்ஸுக்கு இருக்கிறதா? இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து அதே நெறிமுறையைப் படித்திருந்தால் இருக்கும். தனித்தனியாகப் படித்திருந்தால் அது எதிர்த்துப் பேசுவதாகிவிடும்.

மும்பையில் பாந்த்ரா பாபா மருத்துவமனையில் 2000-ல் மாநகராட்சியும் சேஹாட் என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ‘திலாசா’ என்ற மையத்தைத் தொடங்கின. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மருத்துவமனைக்குள்ளேயே ஆலோசனையும் உதவியும் தரும் மையம். வெளியிலிருந்து நிபுணரைக் கொண்டுவந்து ஒரு நாள் பேச வைப்பதோடு நிறுத்தாமல், அங்கே வேலை செய்யும் மருத்துவர்களையும் செவிலியர்களையுமே பயிற்றுநர்களாக ஆக்கினார்கள். பிறகு அது மும்பையின் மற்ற மாநகராட்சி மருத்துவமனைகளுக்கும் பரவியது. தொடர் கல்வி கட்டடத்துக்குள்ளேயே குடியிருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

என் பக்கத்துக் கோரிக்கைகள் பெரியவை இல்லை. 30 மணியில் 4 மணியாவது ‘கடந்த ஐந்து வருடத்தில் மாறியவை’ என்பதற்குக் கட்டாயமாக இருக்கட்டும். அந்தப் பாடத்தை மன்றமே எழுதட்டும், ஸ்பான்சர் வேண்டாம். அந்த 4 மணியில் டாக்டரும் நர்ஸும் சேர்ந்து உட்காரட்டும், உரை கேட்காமல் வழக்குகளை வைத்துப் பேசட்டும். வருடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு மருத்துவமனையும் பெயர்களை மறைத்துச் சில அறிக்கைகளையும் காலிப் படிவங்களையும் தானே எடுத்துப் பார்க்கட்டும்.

‘கட்டாயம் என்றாலே அதுவும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற சடங்காகிவிடும்’ என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. வருகைப் பதிவை மட்டும் பார்த்தால் நிச்சயம் அப்படித்தான் ஆகும். அதனால்தான் படிவத்தையும் அறிக்கையையும் பார்க்கச் சொல்கிறேன். ‘ஏற்கெனவே வேலைப் பளு’ என்ற இன்னொரு மறுப்பும் உண்மைதான். ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு உடனடி இலவசச் சிகிச்சை மறுப்பது ஓராண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம் என்று 2013 முதல் சட்டம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் சட்டங்களின் பெயரும் பிரிவு எண்களும்கூட மாறிவிட்டன. தண்டனையை மட்டும் அனுப்பிவிட்டுப் பாடத்தை அனுப்பாமல் விடுவது மருத்துவர்களுக்கும் செய்கிற அநியாயம்தான்.

இதைப் படிப்பவர்களில் மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் சிலர் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாளைக்கு டியூட்டிக்குப் போகும்போது இரண்டு காலிப் படிவங்களை எடுத்துப் பாருங்கள். ஒன்று பாலியல் வன்முறைப் பரிசோதனைக்கானது. இன்னொன்று கருக்கலைப்புச் சம்மதத்துக்கானது. முதலாவதில் தளர்வு, கன்னித்திரை, பழக்கம் என்ற சொற்களோடு கட்டம் இருக்கிறதா? இரண்டாவதில் கணவர் பெயருக்குக் கீழே கோடு போட்டிருக்கிறதா? இருந்தால் ஒரு பேனாவால் அடித்துவிட்டு, 2014 நெறிமுறையின் படிவத்தை அச்சடித்து மேலே வைத்து, சூப்பிரண்டிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கிரெடிட் பாயிண்ட் கிடைக்காது. வேலை ஆகும்.